அன்றாடத் தலைப்புகளைப் பேசிப் பேசி ஆங்கிலத்தில் சரளம் பெறுவது எப்படி?

‘ஆங்கிலம் படித்தால் புரிகிறது, எழுதவும் ஓரளவு வருகிறது. பேசத் தொடங்கினால் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தினமும் ஒரு தலைப்பு எடுத்துப் பேசிப் பார்க்கிறோம், முன்னேற்றம் தெரியவில்லை’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு பேர் கூடியிருக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம், அதைக் கைவிட்டுவிடாதீர்கள். மாற்ற வேண்டியது ‘தினமும் ஒரு தலைப்பு’ என்ற ஏற்பாட்டைத்தான். தலைப்புகளைக் குறையுங்கள். எடுத்த தலைப்பையே ஆள் மாற்றி ஆள் மாற்றித் திரும்பப் பேசுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளோடு மாலையில் உட்கார்ந்து பேச்சுப் பயிற்சி நடத்துவது பல ஆண்டுகளாக என் வழக்கம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கைப்பேசியில் சுற்றிவரும் ‘நூறு கலந்துரையாடல் தலைப்புகள்’ வகைப் பட்டியல்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டுவார்கள். உலக வெப்பமயமாதல், செயற்கை நுண்ணறிவு, தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள். இவற்றைப் பற்றித் தமிழிலேயே மூன்று நிமிடம் பேசச் சொன்னால் பெரும்பாலோர் திணறுவார்கள். அந்தத் திணறலையும் ஆங்கிலத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு, ‘எனக்கு இது வராது’ என்று அவர்கள் முடிவுகட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும்.

பேச்சு உருவாகும் விதத்தை ஆராய்ந்த நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் லெவெல்ட், 1989இல் அதை மூன்று கட்டங்களாக விளக்கினார்: என்ன சொல்வது என்று தீர்மானிப்பது, அதற்கான சொல்லையும் இலக்கணத்தையும் தேடி அமைப்பது, பிறகு அதை வாயால் ஒலிப்பது. தாய்மொழியில் பின்னிரண்டும் பெரும்பாலும் தாமாகவே நடந்துவிடும். புதிய மொழியிலோ நடுக்கட்டமே கவனம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பதும் தெரியாவிட்டால் பேச்சு எப்படி ஓடும்? ஆகவே தலைப்புக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: இதைத் தமிழில் உங்கள் சித்தியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ மூன்று நிமிடம் தங்குதடையின்றிச் சொல்வீர்களா? ஆம் என்றால் எடுங்கள். இல்லையென்றால் அது பிறகு பார்க்க வேண்டிய தலைப்பு.

எங்கள் மாவட்டத்தில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியிடம், அம்மா செய்யும் அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். இலையை நனைத்து வைப்பது, அளவு வைத்துக் கத்தரியால் வெட்டுவது, சுளகை மடியில் வைத்துக்கொண்டு புகையிலைத் தூளை நிரப்பிச் சுருட்டுவது, நூலால் கட்டுவது, நுனியை மடக்குவது, கட்டுகளாக்கிக் கடையில் கொடுப்பது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது என ஒவ்வொன்றாக வந்தது. வாக்கியங்கள் சின்னச் சின்னவை. வினைச்சொற்களில் காலம் தவறியது. ஆனால் அவள் நிற்கவில்லை. சுளகுக்கு ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில், அரிசி புடைக்கும் அகலமான தட்டு என்று விளக்கிவிட்டு மேலே போனாள். சொல் கிடைக்காதபோது அந்தப் பொருள் எப்படி இருக்கும், எதற்குப் பயன்படும் என்று சொல்லி நகர்வது சரளத்தின் பெரும்பகுதி. அதைத் தனியாகவே பழக வேண்டும்.

அவள் முடித்ததும் கேள்விகள் குவிந்தன. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்கள். கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லும்போதுதான் பேச்சுக்கு உயிர் வருகிறது. உப்பளத்தில் உப்பு வாருவது, கருப்பட்டி காய்ச்சுவது, வீட்டில் சொதி வைப்பது, ரேஷன் கடை வரிசை, வீடு மாறியபோது பட்ட பாடு என எங்கள் தலைப்புகள் இப்படித்தான் இருக்கும். உங்கள் நால்வரிடமும் இப்படி ஆளுக்குப் பத்துத் தலைப்பாவது இருக்கும்.

இனி முறை. ‘நான்கு–மூன்று–இரண்டு’ என்று இதற்குப் பெயர். கீத் மாரிஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1983இல் இதைப் பற்றி எழுதினார். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து எழுதிய பிறகு பரவலாயிற்று. ஒருவர் ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் நான்கு நிமிடமும், அடுத்த ஆளிடம் மூன்று நிமிடமும், மூன்றாம் ஆளிடம் இரண்டு நிமிடமும் சொல்ல வேண்டும். எதையும் விட்டுவிடக் கூடாது; நேரம்தான் சுருங்குகிறது. கேட்பவர் புதியவராக இருப்பதால் திரும்பச் சொல்வது போலியாகத் தோன்றாது. நான்கு பேருக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். முதல் சுற்றில் இரண்டு ஜோடிகள். ஆளுக்கு நான்கு நிமிடம். ஜோடி மாற்றி ஆளுக்கு மூன்று. மறுபடி மாற்றி ஆளுக்கு இரண்டு. மொத்தம் 18 நிமிடத்தில் நால்வரும் மூன்று முறை பேசி, மற்ற மூவரையும் கேட்டிருப்பீர்கள். முதல் சுற்றில் சொல் தேடி நின்ற இடங்களில் மூன்றாம் சுற்றில் நிற்க மாட்டீர்கள். அந்த வித்தியாசம் உங்கள் காதுக்கே கேட்கும்.

அப்படியானால் அந்த ஒரு தலைப்பை மட்டும்தானே மனப்பாடம் செய்வது போலாகும் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான சந்தேகம். நெல் டி யோங், சார்லஸ் பெர்ஃபெட்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பிரிவினர் ஒரே தலைப்பைத் திரும்பப் பேசினார்கள். இன்னொரு பிரிவினர் ஒவ்வொரு முறையும் வேறு தலைப்பு. பயிற்சியின்போது இரு பிரிவினருமே வேகம் பெற்றார்கள். பிறகு புதிய தலைப்பு கொடுத்துச் சோதித்தபோது, திரும்பப் பேசியவர்களிடம்தான் அந்தச் சரளம் தங்கியிருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ‘அதற்குப் பிறகு’, ‘அதனால்தான்’, ‘முன்பெல்லாம் அப்படி இல்லை’ போன்ற வாக்கிய எலும்புகள் எல்லாத் தலைப்புக்கும் பொது. ஒரு தலைப்பில் அவை நாக்குக்குப் பழகிவிட்டால் அடுத்ததிலும் தாமாக வந்து நிற்கும்.

தமிழர்களுக்கென்று ஒரு தடையும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘நேற்று சந்தையில் கிலோ ஐம்பது ரூபாய்க்கு விற்ற தக்காளியை அம்மா வாங்கவில்லை’ என்று மனத்தில் கட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றப் போனால், கடைசியில் இருப்பதை முன்னே இழுத்து, முன்னே இருப்பதைப் பின்னே தள்ளி, எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் எதிரே இருப்பவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் முதலில் வாயிலிருந்து விட்டுவிடுங்கள்: அம்மா, வாங்கவில்லை. பிறகு எதை, எங்கே, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்கும் மொழி. முழு வாக்கியமும் தயாரான பிறகுதான் வாயைத் திறப்பேன் என்ற பிடிவாதம் தளர்ந்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

இதுவரை சொன்னது விவரிப்பு. கலந்துரையாடல் அதற்கு அடுத்த படி. வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குப் போகவும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸின் பேச்சுப் பகுதி இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து, உங்கள் அனுபவத்திலிருந்து இரண்டு நிமிடம்வரை பேசச் சொல்கிறார்கள். மூன்றாம் பகுதியில் அதே விஷயத்தைச் சமூகம் பற்றிய பொதுக் கேள்வியாக விரித்து நான்கைந்து நிமிடம் உரையாடுகிறார்கள். நீங்களும் அப்படியே ஏறிப் போகலாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முதலில் உங்கள் வீட்டுப் பெண்கள் அதன்பின் எங்கெல்லாம் போகிறார்கள், மிஞ்சும் பணம் எதற்குச் செலவாகிறது என்று சொல்லுங்கள். பிறகு, ஆண்களுக்கும் இதை விரிவாக்கலாமா, அந்தச் செலவை யார் ஏற்பது என்று வாதிடுங்கள். எங்கள் மாலைக் கூட்டத்தில் அதிகம் சத்தம் எழுந்த தலைப்புகளில் இது ஒன்று. மறுத்துப் பேசும் வேகத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பதையே மறந்துபோனார்கள்.

கேட்பவர்களுக்கு இரண்டு கடமைகள். பேசுகிறவரை நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. கவனத்தில் பட்டதைக் குறித்துவைத்து, முதல் சுற்று முடிந்ததும் ஒன்றிரண்டை மட்டும் சொல்லுங்கள். அடுத்த சுற்றிலேயே அதைச் சரிசெய்ய அவருக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இம்முறையின் அழகு. இரண்டாவது, ஆம் அல்லது இல்லை என்று முடிந்துபோகாத ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் ஆங்கில வாக்கியங்களை எழுதித் தரும் கையேடுகளை நம்பிப் பேசப் பழகாதீர்கள். முதுகு, பை, பொட்டலம் ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களும் அவற்றில் ‘பேக்’ என்றே இருக்கும். உச்சரிப்பைக் காதால்தான் பிடிக்க வேண்டும். மற்றபடி, வெளிநாட்டு உச்சரிப்புக்காக மெனக்கெட வேண்டியதில்லை, புரிந்தால் போதும்.

நண்பர்கள் வராத நாளில் கைப்பேசியில் பதிவு செய்து அதே மூன்று சுற்றையும் தனியாகப் பேசலாம். கேட்டுப் பார்க்கும்போது எத்தனை முறை நின்றீர்கள் என்று எண்ண வேண்டாம். எங்கே நின்றீர்கள் என்று பாருங்கள். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்குமுன் நிற்பது எல்லா மொழியிலும் எல்லாரும் செய்வது. வாக்கியத்தின் நடுவில், எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் நிற்கிறீர்களா? அந்த வாக்கியத்தை எடுத்து, இரண்டாக உடைத்து, அடுத்த சுற்றில் சொல்லிப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு தலைப்பு போதும். நீங்கள் நால்வரும் எந்த ஊர், என்ன வேலை அல்லது படிப்பு என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். முதல் மாதத்துக்கான எட்டுத் தலைப்புகளை உங்களுக்கேற்ப நானே எழுதித் தருகிறேன்.