கணினி கேள்வி – பதில்: டிபென்டன்சிக்கும் ஒரு செட்

கேள்வி: செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். எடைப் பதிவு, கூலி, பில் எல்லாம் தனித்தனி மேவன் (ஜாவா புரோகிராம்களை பில்ட் செய்யும் கருவி) புராஜெக்ட். ஹைபர்நேட், மைஎஸ்க்யூஎல் டிரைவர், கனெக்‌ஷன் பூல் என்ற மூன்று டேட்டாபேஸ் லைப்ரரிகளையும் (இவைதான் டிபென்டன்சி) ஒவ்வொரு பாம் ஃபைலிலும் (pom.xml, புராஜெக்டின் அமைப்பு ஃபைல்) காப்பி அடிக்கிறோம். டிரைவர் வெர்ஷன் மாறினால் அத்தனையையும் திறந்து திருத்த வேண்டியிருக்கிறது. வழி உண்டா சார்?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: சேலத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? தட்டுவடைக் கடையில் பீட்ரூட், காரட், வெங்காயம், சட்னி என்றா அடுக்குகிறீர்கள்? ‘ஒரு செட்’ என்றால் வந்துவிடுகிறது. மேவனிலும் செட் போடலாம்.

புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்குங்கள். ஜாவா கோடே வேண்டாம், பாம் ஃபைல் மட்டும் போதும். பேக்கேஜிங் ‘பாம்’ என்று போட்டு, அந்த மூன்றையும் வெர்ஷனோடு எழுதி இன்ஸ்டால் செய்யுங்கள். அப்புறம் மற்ற புராஜெக்ட்களில் மூன்றுக்குப் பதில் இந்த ஒன்றைச் சேருங்கள். அங்கே டைப் ‘பாம்’ என்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் மேவன், இல்லாத ஜார் ஃபைலைத் (ஜாவா கோடின் தொகுப்பு) தேடி, பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

இனி டிரைவர் மாறினால் செட்டைத் திருத்துங்கள். எல்லாம் ஒரே மல்டி மாட்யூல் பில்டில் (பல புராஜெக்ட்களை ஒன்றாக பில்ட் செய்வது) இருந்தால் வேறு எதையும் தொட வேண்டாம். தனித்தனி என்றால் செட்டின் வெர்ஷன் எண்ணை மட்டும் அங்கங்கே மாற்ற வேண்டிவரும். ஏதோ ஒரு புராஜெக்டுக்குப் பழைய டிரைவர்தான் ஒத்துவருகிறதா? அதன் பாமில் நேரடியாக எழுதிவிடுங்கள். பக்கத்தில் இருப்பதைத்தான் மேவன் எடுத்துக்கொள்ளும்.

பேரன்ட் பாமில் (மற்ற பாம்கள் அமைப்பைப் பெறும் தாய் ஃபைல்) போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பேரன்ட் ஒன்றுதான் வைக்க முடியும். அந்த இடத்தில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். செட் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். பாமில் உள்ள ‘டிபென்டன்சி மேனேஜ்மென்ட்’ பகுதியும் போதாது. அது வெர்ஷனைச் சொல்லுமே தவிர லைப்ரரியைக் கொண்டுவராது.

டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட்டை டெஸ்ட் ஸ்கோப்பில் (டெஸ்ட்டுக்கு மட்டும் என்று) இந்தச் செட்டுக்குள் வைக்காதீர்கள், செட்டைச் சேர்க்கிற புராஜெக்டுக்குக் கைமாறாது. டெஸ்ட்டுக்குத் தனிச் செட் போட்டு, உள்ளே ஸ்கோப் போடாமல் எழுதி, சேர்க்கிற இடத்தில் ஸ்கோப்பை ‘டெஸ்ட்’ ஆக்குங்கள். கிடைத்ததையெல்லாம் ஒரே செட்டில் திணிப்பதும் எனக்குப் பிடிக்காது. டேட்டாபேஸையே தொடாத புராஜெக்டுக்கு ஹைபர்நேட் எதற்கு?

மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிரேடிலுக்கு மாறினால் வேலை இன்னும் சுலபம். 7.4 வெர்ஷனிலிருந்து வெர்ஷன் கேட்டலாக் (லைப்ரரிகள், வெர்ஷன்களின் பட்டியல்) நிலையான வசதி; அதில் ‘பண்டில்ஸ்’ என்ற பகுதியில் மூன்றுக்கும் ஒரு பெயர் வைத்தால் போதும், தனி புராஜெக்ட்கூட வேண்டாம்.