மான்ட்கோமரி ஹால் நிறுத்தம்

வணக்கம் சார்,

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். வகுப்புக்குப் போகும் வழியில், மான்ட்கோமரி ஹால் என்ற மாணவர் விடுதிப் பக்கத்தில், ரிச்சர்ட் காலின்ஸ் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. பையன்கள் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள், போன் பார்க்கிறார்கள். இனவெறிக்குப் பலியானவர் என்கிறார்கள், ஆனால் வெறுப்புக் குற்றம் என்ற குற்றச்சாட்டை நீதிபதியே தள்ளுபடி செய்துவிட்டாராமே? அப்படியென்றால் இது பல்கலைக்கழகம் தன் பெயரைக் கழுவிக்கொள்ளும் வேலை மட்டும்தானா?

ஆர்., காலேஜ் பார்க்

அன்புள்ள ஆர்.,

கழுவிக்கொள்ளும் வேலையும் அதில் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் "மட்டும்தானா" என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

2017 மே 20, விடிகாலை மூன்று மணி. காலின்ஸ் இரண்டு நண்பர்களோடு மான்ட்கோமரி ஹால் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஊபருக்காகக் காத்திருக்கிறார். வயது 23. இரண்டு நாள் முன்புதான் ராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்டாகப் பொறுப்பேற்றிருந்தார், மூன்று நாள் கழித்து போவி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க வேண்டியவர். மேரிலாண்ட் மாணவன் ஒருவன், வெள்ளைக்காரன், நேரே வந்து "இடப்பக்கம் ஒதுங்கு, உனக்கு நல்லது எதுவென்று தெரிந்தால் ஒதுங்கு" என்கிறான். காலின்ஸ் முடியாது என்கிறார். நெஞ்சில் கத்தி இறங்குகிறது. நண்பர்களில் ஒருவர் வெள்ளையர், இன்னொருவர் ஆசியப் பெண். குத்துப்பட்டது மூவரில் கறுப்பர் ஒருவர்தான். 'ஒதுங்கு' என்ற சொல்லுக்கு என்ன எடை என்று தமிழில் படிப்பவருக்கு நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, வழக்குக்கு வருவோம். கொன்றவனின் போனில் இனவெறிப் படங்கள் இருந்தன, ஃபேஸ்புக்கில் வெள்ளை இனவாதக் குழு ஒன்றிலும் சேர்ந்திருந்தான். ஆனாலும் 2019 டிசம்பரில் நீதிபதி, அந்த இரவின் கொலைக்கு இனவெறிதான் காரணம் என்று காட்ட இந்தச் சாட்சியம் போதாது என்று வெறுப்புக் குற்றச்சாட்டை மட்டும் நீக்கினார். கொலைக் குற்றச்சாட்டு நின்றது. ஜூரி முதல் நிலைக் கொலை என்று தீர்ப்பளித்தது, 2021-ல் ஆயுள் தண்டனை. இனவெறி இல்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, ஆர். சட்டத்தின் அளவுகோலுக்கு நிரூபணம் எட்டவில்லை, அவ்வளவுதான். அந்த அளவுகோலையே பிறகு மாற்றினார்கள்: முழுக்கவோ கணிசமான அளவிலோ வெறுப்பு தூண்டியிருந்தால் போதும் என்று 2020 அக்டோபரில் மேரிலாண்ட் மாநிலத்தில் அமலுக்கு வந்த திருத்தம் காலின்ஸ் பெயரிலேயே இருக்கிறது. ஒரு கறுப்பு இளைஞனின் பெயர் சட்டத்தில் ஏற அவன் சாக வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

இப்போது சதுக்கம். போவி ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காக உருவான பல்கலைக்கழகம், அது பறிகொடுத்த இடம். பட்டமளிப்பு விழாவில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவருடைய அங்கியைப் போர்த்தி வைத்தார்கள். எந்த விளக்கமும் தேவைப்படாத காரியம் அது. மேரிலாண்ட் அதையே செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஏனென்றால் கொன்றவன் அவர்கள் வகுப்பில் உட்கார்ந்தவன். கொலைக்குச் சில வாரம் முன்பு அதே பல்கலைக்கழகத்தில், ஃபிரட்டர்னிட்டி என்கிற மாணவர் சங்கம் ஒன்றின் விடுதிச் சமையலறையில், கறுப்பர்களைத் தூக்கிலிட்டுக் கொன்ற காலத்தை நினைவூட்டும் தூக்குக்கயிறு தொங்கியது. வெள்ளை இனவாதச் சுவரொட்டிகள் அதற்கும் முன்பே வளாகத்தில் ஒட்டப்பட்டிருந்தன. பறிகொடுத்தவர்கள் அழலாம். இவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் ஏதோ ஓர் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்து முடித்துக்கொள்ளாமல், 2022-ல் அந்த நிறுத்தத்துக்கு அருகிலேயே சதுக்கம் திறந்தது சரி என்று நினைக்கிறேன். அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். உங்கள் கண்ணில் பட்டுத்தானே எனக்கு எழுதினீர்கள்?

காபி குடிப்பவர்களை விட்டுவிடுங்கள். ஒதுங்கச் சொன்ன இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த மே 20-ல் அங்கே நினைவுகூரல் நடந்தால் போய் நில்லுங்கள். காலின்ஸ் எவ்வளவு நல்லவர் என்று எல்லோரும் பேசுவார்கள், பேசட்டும். கொன்றவனும் நம் மாணவன்தான் என்று மேடையில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறாரா என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.