கேளுங்கள், சொல்கிறேன்: உய்குர் கடையில் என்ன வாங்குவது?

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு மால் ஃபுட் கோர்ட்டில் இருந்த உய்குர் கடையில் சாப்பிட்டேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

அக்கா, என் மகனும் அந்தப் பக்கம்தான் இருக்கிறான். போன வருஷம் அப்படி ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப் போனான். போர்டில் இருந்த பெயர் ஒன்றும் புரியவில்லை, ஆட்டுக்கறி வாசனை வேறு தூக்கலாக இருந்தது. பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வருகிற மே மாதம் மறுபடி போகிறேன். அவர்கள் யார், எதைக் கேட்டு வாங்குவது? (வாசகி, கோத்தகிரி)

முதலில் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் போய் உட்கார்ந்தால் நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாறுவீர்கள். சீனாவின் வடமேற்கு மூலையில் ஷின்ஜியாங் என்று ஒரு பெரிய பகுதி இருக்கிறது, அங்கே தக்லமக்கான் பாலைவனத்தைச் சுற்றிலும் காஷ்கர், யார்க்கண்ட், ஹோத்தான் என்று ஆற்றுத் தண்ணீரை நம்பி வளர்ந்த பழைய ஊர்கள், அந்த மண்ணின் மக்கள்தான் உய்குர்கள். ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி, உஸ்பெக் மொழிக்கு ரொம்பவே நெருக்கம், எழுதுவது அரபு எழுத்தில். யார்க்கண்ட் வியாபாரிகள் காரகோரம் கணவாயைத் தாண்டி லடாக்கின் லே சந்தைவரை குதிரையும் ஒட்டகமுமாக வந்துபோனது அப்படி ஒன்றும் புராண காலத்துக் கதை இல்லை, போன நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடந்ததுதான். அந்தப் போர்டிலும் நான் ரொட்டி, போலோ, சம்சா, கவாப் என்று நமக்குத் தெரிந்த பெயர்களுக்குச் சொந்தக்காரப் பெயர்களாகவே இருக்கின்றன.

நான் முதல் தடவை போனபோது சீனக் கடை என்று நினைத்துக்கொண்டு, ஊட்டியில் கிடைக்கிற சோயா சாஸ் நூடுல்ஸை மனதில் வைத்து உட்கார்ந்தேன், வந்தது வேறு. இரண்டாம் தடவை போலோ என்கிற கறிச்சோற்றை பிரியாணி என்று நினைத்தேன், அதுவும் வேறு. மூன்றாம் தடவைதான் எதையும் மனதில் வைக்காமல் சாப்பிட்டேன், அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது.

நீங்கள் லக்மான் கேளுங்கள். கையால் இழுத்த நூடுல்ஸ், பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசாக, ஒவ்வொரு இழையும் முழ நீளத்துக்கு மேல் வரும், பல்லில் பட்டால் மெத்தென்று திருப்பிக் கொடுக்கும். அதன்மேல் ஆட்டுக்கறி, தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாம் பெரிய தீயில் சட்டென்று வதக்கிய குழம்பு. நம் குழம்பு மாதிரி மசாலா அரைத்து ஊற்றியது கிடையாது, காய் அதனதன் ருசியோடு நிற்கும். மேசையில் கறுப்பு வினிகரும் மிளகாய் எண்ணெயும் இருந்தால் ஒரு ஸ்பூன் விட்டுக்கொள்ளுங்கள், அப்புறம்தான் சுவை எழும்பும். கூட இரண்டு குச்சி கவாப். கம்பியில் கோத்த கறியைக் கரியில் சுட்டு மேலே கொரகொரப்பாகப் பொடித்த சீரகமும் மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தருவார்கள். நாம் சீரகத்தைத் தாளிப்புக்கும் ரசத்துக்கும் என்று வைத்திருக்கிறோம், அவர்கள் அதைக் கறிக்கு முதல் மசாலாவாக வைத்திருக்கிறார்கள்.

வாசனை பற்றி. நம் பக்கம் பெரும்பாலும் வெள்ளாடு, அவர்களுடையது கொழுப்பேறிய செம்மறி, அதனால்தான் கவுச்சி தூக்கலாகத் தெரிகிறது. பயமாக இருந்தால் கோழி லக்மான் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய தட்டுக் கோழி என்று ஒன்று இருக்கும், தாபஞ்சி என்பார்கள், எலும்போடு கோழியும் உருளைக்கிழங்கும் அன்னாசிப்பூ, காய்ந்த மிளகாய் போட்டு வேகவைத்து அடியில் பட்டை நூடுல்ஸ் போட்டது. அது பழைய உய்குர் சமையல் இல்லை, நாற்பது வருஷத்துக்குள் அந்தப் பகுதியில் சாலையோரக் கடைகளில் பிரபலமானது. பேரப்பிள்ளைகளோடு நாலு பேராகப் போனால் மட்டும் வாங்குங்கள், ஒருத்தரால் முடியாது.

இன்னொன்று, மகனிடம் சொல்லி அந்தக் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். 2017 முதல் அவர்கள் ஊரில் ஏராளமான பேரைப் பிடித்து முகாம்களில் வைத்தது உலகத்துக்குத் தெரிந்த செய்தி. 2022 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், அங்கே நடப்பது மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று அறிக்கை வெளியிட்டது, சீன அரசு அதை மறுக்கிறது. ஊரிலிருக்கும் உறவினரோடு போனில்கூடப் பேச முடியாதவர்கள் வெளிநாட்டு உய்குர்களில் நிறையப் பேர். நான் போன கடையில் மாவு இழுத்துக்கொண்டிருந்தவரிடம் "நல்லா இருந்தது" என்று சைகையிலேயே சொன்னேன், அவர் உள்ளே போய் ஒரு நானை எடுத்துவந்து காசு வாங்காமல் கொடுத்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பன்றிக்கறி கலக்குமா? (வாசகர், கூடலூர்)

உய்குர்கள் முஸ்லிம்கள், அவர்கள் சமையலில் பன்றிக்கறி கிடையாது. ஆனால் ஃபுட் கோர்ட்டில் பக்கத்துக் கடை வேறு யாருடையதாகவும் இருக்கலாம், தட்டும் மேசையும் பொதுவாக இருக்கும், ஆகவே ஹலால் சான்று மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கேட்டுவிட்டே வாங்குங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

லக்மானை வீட்டில் செய்ய முடியுமா அக்கா? யூடியூப் பார்த்துச் செய்தேன், இழுக்க இழுக்க அறுந்துபோகிறது. (கல்லூரி மாணவி, உதகை)

முடியும் தங்கம். நீ பரோட்டா கடை வாசலில் நின்று பார்த்திருப்பாய் இல்லையா, மாவைப் பிசைந்ததும் அவர் உடனே வீச மாட்டார், உருண்டை பிடித்து எண்ணெய் தடவி ஊறப் போட்டுவிடுவார். அந்த ஊறல்தான் விஷயம். பிசைந்த உடனே மாவுக்குள் இருக்கும் பசைச்சத்து முறுக்கிக்கொண்டு நிற்கும், அப்போது இழுத்தால் ஒன்று சுருங்கும் அல்லது அறும். நேரம் கொடுத்தால் தளர்ந்து இழுத்த பக்கம் வரும்.

அரைக் கிலோ மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, கால் லிட்டர் தண்ணீர். பத்து நிமிஷமாவது நன்றாக அடித்துப் பிசைந்து அரை மணி மூடி வை. பிறகு கட்டைவிரல் தடிமனுக்கு நீளமாக உருட்டி, எண்ணெய் தடவி, தட்டில் முறுக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றி, மூடி இன்னும் ஒரு மணி நேரம் விடு. ஊட்டிக் குளிரில் மாவு சீக்கிரம் தளராது, ஒன்றரை மணிகூட ஆகட்டும், அடுப்புப் பக்கமாக வை. அப்புறம் பென்சில் அளவுக்கு இழுத்து, இரண்டு கையிலும் நூல்கண்டு சுற்றுகிற மாதிரி சுற்றி, மேடையில் தட்டித் தட்டி விரித்தால் மெல்லிசாகும். முதல் தடவை நாலு இழை அறும், அறுந்ததையும் கொதிக்கிற தண்ணீரில் போடு, ருசியில் வித்தியாசம் இல்லை.

யூடியூபில் மூன்று நிமிஷம் கொதித்தால் போதும் என்பார்கள். அவர்கள் சமவெளியில் இருந்து சொல்கிறார்கள், நீ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறாய், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. அதனால் ஒன்றிரண்டு நிமிஷம் கூடுதலாக விட்டு, ஓர் இழையைக் கடித்துப் பார்த்து எடு. மேலே ஊற்றும் குழம்புக்கு சந்தையில் கிடைக்கிற பீன்ஸ், குடைமிளகாய், சைனீஸ் கேபேஜ் எல்லாமே பொருந்தும்.

மஞ்சள் கேரட் என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன ரகம்? நாங்கள் கேத்தியில் கேரட் போடுகிறவர்கள். (விவசாயி, கேத்தி)

உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மத்திய ஆசியாவில் கேரட் ஆதியில் மஞ்சளும் ஊதாவுமாகத்தான் இருந்தது, நாம் போடுகிற ஆரஞ்சு நிறம் பிறகு ஐரோப்பாவில் வளர்ந்து பரவியது. உய்குர் போலோவில் இன்றைக்கும் மஞ்சளைத் தேடுகிறார்கள், கிடைக்காத ஊரில் இரண்டையும் கலந்து போடுகிறார்கள். அது கொஞ்சம் உறுதியாக இருப்பதால் நெடுநேரம் வெந்தாலும் குழையாது. நான் சாப்பிட்ட தட்டில் ஆரஞ்சு கேரட்தான் அதிகம், அதுவும் இனிப்பாகவே இருந்தது.

போலோவில் கேரட் என்பது பெயருக்குப் போடுவது இல்லை. அரிசி ஒரு கிலோ என்றால் கேரட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ, கறியும் அதே அளவு. கேரட்டைத் துருவக் கூடாது, விரல் நீளக் குச்சிகளாக வெட்ட வேண்டும். எண்ணெயிலோ ஆட்டு வால் கொழுப்பிலோ கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், உப்பு, கொஞ்சம் சீரகம் போட்டுத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு, ஊறிய அரிசியை மேலே பரப்பி, கிளறாமல் தம்மில் விடுவார்கள். பட்டை, கிராம்பு, புதினா எதுவும் இல்லை. இனிப்பு முழுக்கக் கேரட்டும் வெங்காயமும் கொடுப்பது. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் அங்கே இதுதான். கையால் சாப்பிடுவார்கள், சீனர்கள் இதற்கு வைத்த பெயரே கையால் அள்ளும் சோறு என்றுதான் பொருள்படும். மேட்டுப்பாளையத்துக்கு மூட்டை ஏற்றுகிற அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு கிலோ ஒதுக்கிவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். அடிகனமான பாத்திரம், மேலே ஒரு கல் பாரம், போதும்.

தேநீரில் உப்பா? (தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், குன்னூர்)

ஆமாம், பாலும் உப்பும். அங்கே கட்டியாக அழுத்திய தேயிலையைக் கொதிக்கவைத்து, பால் ஊற்றி, உப்புப் போட்டு, காலையில் நானைப் பிய்த்து அதில் நனைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் ஒரு கிண்ணம் குடித்தேன். தேநீர் என்று நினைத்தால் தொண்டையில் இறங்கவில்லை, சூப் என்று நினைத்ததும் இறங்கியது. நம் தூளில் செய்வதானால் கொஞ்சமாகப் போட்டு லேசாகக் கொதிக்கவிடுங்கள், உப்பு ஒரு சிட்டிகை மட்டும். நான் ரொட்டி இல்லாவிட்டால் ஊட்டி வர்க்கி நனைத்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் அதுதான்.

நான் சைவம். எனக்கு அங்கே ஏதாவது உண்டா? (வாசகி, கொடைக்கானல்)

குறைவுதான் அம்மா, உள்ளதைச் சொல்கிறேன். நான் ரொட்டி கிடைக்கும், நடுவில் அச்சுக் குத்தி, எள்ளோ கருஞ்சீரகமோ தூவி அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்டது. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் நறுக்கிய சாலட் கிடைக்கும். காய்கறி மட்டும் போட்ட லக்மானும் பல கடைகளில் செய்து தருவார்கள், ஆனால் வதக்கும் எண்ணெயில் ஆட்டுக் கொழுப்போ, ஊற்றும் தண்ணீரில் எலும்புச் சாறோ இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். "கறி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுத் தந்துவிடுவார்கள்.