சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள்: வாசகர்கள் கேட்ட கேள்விகள்

உயர் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனம் பற்றி எழுதியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன். நடந்துகொண்டிருக்கும் சொந்த வழக்கைப் பற்றிக் கேட்டவர்கள் தங்கள் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே சரி. அதற்கு இங்கே பதில் சொல்வது முறையல்ல.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். முதல் இந்தியத் தலைமை நீதிபதி முத்துசாமி ஐயர் என்று ஒரு கையேடு சொல்கிறது. இன்னொன்று ராஜமன்னார் என்கிறது. எதை எழுதுவது? (விழுப்புரம்)

நிரந்தரத் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்ட முதல் இந்தியர் பி.வி. ராஜமன்னார். 1948-இல் பதவியேற்று 1961 வரை இருந்தார். முத்துசாமி ஐயர் 1893-இல் மூன்று மாதங்கள் தலைமை நீதிபதியின் பொறுப்பை மட்டும் வகித்தவர். அவருக்குப் பின் எஸ். சுப்பிரமணிய ஐயரும் அப்படிப் பொறுப்பு வகித்திருக்கிறார். ஆனால் நீதிபதி என்ற அளவில் பார்த்தால், இந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியர் முத்துசாமி ஐயர்தான். கேள்வித்தாளில் 'நிரந்தர', 'பொறுப்பு' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனாலும் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சைப் பகுதியில் 1832-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தார். அவருடைய அறிவைக் கண்ட ஒரு தாசில்தார்தான் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். முன்சீப், சார்பு நீதிபதி, சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி என்று படிப்படியாக மேலே வந்தார். உயர் நீதிமன்றத்துக்கு அவரை நியமித்தபோது ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு பத்திரிகை வேண்டும் என்று திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் 1878-இல் தொடங்கியதுதான் 'தி இந்து'. ஒரு நீதிபதியின் நியமனம் ஒரு நாளிதழ் பிறக்கக் காரணமாக இருந்திருக்கிறது. உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவருடைய பளிங்குச் சிலை வெறுங்காலோடு அமர்ந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

கே. சுப்பா ராவ் ஆந்திர நீதிபதி என்று நினைத்திருந்தேன். சென்னைப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறதே? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

இரண்டும் சரி. 1862 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கிய இந்த நீதிமன்றம் மதராஸ் மாகாணம் முழுவதற்கும் உரியது. கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார் எல்லாம் இதன் எல்லைக்குள் இருந்தன. அதனால் பழைய பட்டியலில் தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் எல்லாரும் வருவார்கள். மலபாரிலிருந்து வந்த சி. சங்கரன் நாயர் ஓர் உதாரணம். இங்கே நீதிபதியாக இருந்து, பிறகு வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்குப் போய், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு அதிலிருந்து விலகியவர் அவர். சுப்பா ராவ் 1948-இல் சென்னையில் நீதிபதியானார். ஆந்திரம் தனி மாநிலமான பின் 1954-இல் குண்டூரில் தொடங்கிய உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாகப் போனார். 1966-இல் இந்தியத் தலைமை நீதிபதி. அடுத்த ஆண்டே பதவி விலகிக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றார்.

சென்னையில் நீதிபதியாக இருந்து இந்தியத் தலைமை நீதிபதியானவர்களில் பதஞ்சலி சாஸ்திரி, ப. சதாசிவம் ஆகியோரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதி ஏன் எப்போதும் வெளி மாநிலத்திலிருந்தே வருகிறார்? இங்கே தகுதியானவர்கள் இல்லையா? (திருச்சி, நாகர்கோவில், சேலம்)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். தகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தலைமை நீதிபதி வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்பது 1980-களில் மத்திய அரசு எடுத்த கொள்கை முடிவு. உள்ளூர் உறவும் நட்பும் நிர்வாகத்தில் குறுக்கிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இடமாற்றத்துக்கான அதிகாரம் அரசமைப்பின் 222-ஆவது பிரிவில் இருக்கிறது.

அந்த அதிகாரம் இங்கே எப்படி உணரப்பட்டது என்பதற்கு நீதிபதி மு.மு. இஸ்மாயிலின் கதையைச் சொன்னால் போதும். நாகூரில் பிறந்தவர். கம்பனைக் கரைத்துக் குடித்தவர். சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர். நெருக்கடி நிலையின்போது சென்னை மத்தியச் சிறையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகள் தாக்கப்பட்டது பற்றி விசாரித்த ஆணையமும் அவருடையதுதான். 1979-இல் தலைமை நீதிபதியானார். 1981 ஜனவரியில் அவரைக் கேரளத்துக்கும், பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி உத்தரவு வந்தது. சிங்கின் மாற்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, 'முதலாம் நீதிபதிகள் வழக்கு' என்று இன்று சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பின் பகுதியானது. அந்த மாற்றம் செல்லும் என்று 1981 டிசம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். இஸ்மாயில் அந்தப் போராட்டத்தில் இறங்கவில்லை. பதவியைத் துறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஓய்வு பெறும் வயது வரவில்லை. குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு நல்ல நீதிபதியை நாம் அப்படி இழந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இப்போது அந்த அதிகாரம் அரசிடமிருந்து பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் அடங்கிய குழுவான கொலீஜியத்தின் கைக்கு வந்துவிட்டது. 1993, 1998 ஆண்டுகளின் தீர்ப்புகள் அதற்கு வழி செய்தன. ஆனாலும் காட்சி மாறவில்லை. 2019-இல் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமாணி மேகாலயத்துக்கு மாற்றப்பட்டார். ஏற்காமல் பதவி விலகினார். 2021-இல் சஞ்சிப் பானர்ஜியும் அதே மேகாலயத்துக்கு மாற்றப்பட்டார். அவர் ஏற்றுக்கொண்டு போனார். 75 நீதிபதிப் பணியிடங்கள் உள்ள நீதிமன்றத்திலிருந்து, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நீதிபதிகளே உள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பினால் காரணம் கேட்கத்தான் தோன்றும். வழக்கறிஞர்கள் இரண்டு முறையும் கேட்டார்கள். 'சிறந்த நீதி நிர்வாகத்துக்காக' என்ற ஒரு வரி போதுமான காரணம் ஆகாது. மாற்றும் அதிகாரம் இருக்கட்டும். காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் தெரியாத மாற்றம் அடுத்த நாற்காலியில் இருப்பவரையும் யோசிக்க வைக்கும்.

கீழமை நீதிமன்றத்தில் நீதிபதியாகச் சேர்ந்தவர் உச்ச நீதிமன்றம் வரை போக முடியுமா? (இளம் வழக்கறிஞர், தருமபுரி)

முடியும். நம் ஊரிலேயே சான்றுகள் இருக்கின்றன. பத்து ஆண்டு நீதித்துறைப் பணி அல்லது உயர் நீதிமன்றத்தில் பத்து ஆண்டு வழக்கறிஞர் பணி, இந்த இரண்டில் ஒன்று இருந்தால் உயர் நீதிமன்ற நீதிபதியாகலாம். ஆர். பானுமதி 1988-இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியானவர். 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம், பிறகு ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, 2014-இல் உச்ச நீதிமன்றம். நிர்பயா வழக்கில் மரண தண்டனையை உறுதி செய்த அமர்வில் அவரும் இருந்தார். அவருக்கு முன்பே ஏ. வரதராஜன் மாவட்ட நீதிபதியாக இருந்து, 1973-இல் இங்கே நீதிபதியாகி, 1980-இல் உச்ச நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி ஜோலார்பேட்டையைச் சேர்ந்த இவர்தான். தருமபுரியிலிருந்து ஜோலார்பேட்டை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

பெண் நீதிபதிகள் எப்போது வந்தார்கள்? (கோவை)

தாமதமாகத்தான். பக்கத்துக் கேரளத்தில் அன்னா சாண்டி 1959-லேயே உயர் நீதிமன்ற நீதிபதி. சென்னைக்கு முதல் பெண் நீதிபதி பத்மினி ஜேசுதுரை, 1986-இல். முதல் பெண் தலைமை நீதிபதி காந்தகுமாரி பட்நாகர், 1992-இல். 2020 டிசம்பரில் ஒரே நேரத்தில் 13 பெண் நீதிபதிகள் இங்கே இருந்தார்கள்.

நீதிபதி ஊழல் செய்தால் என்ன செய்வது? அவரைத் தொடவே முடியாது என்கிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

முடியாது என்பது தவறு. கடினம் என்பது சரி. அதற்கான சட்டமே நம் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஒருவரின் வழக்கில்தான் உருவானது. 1969 முதல் 1976 வரை தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது, வருமானத்துக்கு மீறிச் சொத்து வைத்திருந்தார் என்று சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் சொல்லப்படும் 'பொது ஊழியர்' என்ற வரையறைக்குள் நீதிபதி வரமாட்டார் என்பது அவருடைய வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1991-இல்தான் முடிவு வந்தது. நீதிபதியும் பொது ஊழியரே என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கூடவே ஒரு காப்பும் வைத்தார்கள்: இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி மீது குற்றவழக்குப் பதியக் கூடாது. அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புச் சொன்னவர் மீது மறுநாளே வழக்குப் பாயாமல் இருக்க இது தேவை. அதே காப்பு தவறு செய்தவருக்கும் நிழல் தருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பதவி நீக்கம் இன்னும் கடினம். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும். அவைத்தலைவர் அதை ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும். குற்றம் உறுதியானால் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். வீராசாமியின் மருமகனும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவருமான வி. ராமசாமி உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, பஞ்சாப்-அரியானா தலைமை நீதிபதியாகச் செய்த செலவுகளுக்காக அவர் மீது இந்தத் தீர்மானம் வந்தது. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகளை உறுதி செய்திருந்தது. 1993 மே மாதம் மக்களவையில் 196 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆளுங்கட்சியினர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் தோற்றது. அந்த நாள் நாடாளுமன்றத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை.

நீதிபதிக்குச் சம்பளம் தருவது மாநில அரசுதானே? அப்புறம் எப்படி அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வார்? (கடலூர்)

சம்பளம் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்தே போகிறது. ஆனால் அது சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வராத செலவினம். குறைக்கவோ நிறுத்தவோ அமைச்சருக்கு வழியில்லை. ஓய்வூதியம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து வருகிறது. நீதிபதி தம் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றிச் சட்டமன்றம் விவாதிக்கவும் 211-ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

ஓய்வு வயது 62-ஆ, 65-ஆ? ஓய்வு பெற்ற நீதிபதி மறுபடி வக்கீலாக வரலாமா? (பலர்)

உயர் நீதிமன்றத்துக்கு 62, உச்ச நீதிமன்றத்துக்கு 65. 1963 வரை உயர் நீதிமன்றத்தில் 60 ஆக இருந்தது. வயது விஷயத்தில் இங்கே ஒரு பெரிய சலசலப்பும் நடந்திருக்கிறது. தலைமை நீதிபதி எஸ். ராமச்சந்திர ஐயரின் பிறந்த தேதி பற்றிக் கேள்வி எழுந்தது. அவர் 1964-இல் பதவி விலகினார்.

நிரந்தர நீதிபதியாக இருந்தவர் தாம் பணியாற்றிய உயர் நீதிமன்றத்திலும் நாட்டின் எந்தக் கீழமை நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. உச்ச நீதிமன்றத்திலும் பிற உயர் நீதிமன்றங்களிலும் தடையில்லை. இரண்டாண்டுக்கு நியமிக்கப்படும் கூடுதல் நீதிபதி நிரந்தரமாக்கப்படாமல் போனால் அவருக்கு இந்தத் தடை இல்லை.

1930-களில் என் பாட்டனார் நடத்திய நிலவழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததாக வீட்டில் சொல்வார்கள். எந்த நீதிபதி, என்ன தீர்ப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா? (மயிலாடுதுறை)

முயன்று பார்க்கலாம். முதலில் வீட்டில் இருக்கும் பத்திரக் கட்டைத் தேடுங்கள். வழக்கு எண், ஆண்டு, எதிர்த்தரப்பின் பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு தெரிந்திருக்க வேண்டும். நிலவழக்கு என்றால் பெரும்பாலும் இரண்டாம் மேல்முறையீடாக இருக்கும். அந்தத் தீர்ப்பு சட்டப் பிரச்சினை எதையாவது தீர்த்திருந்தால் அச்சில் வந்திருக்க வாய்ப்புண்டு. 1876 முதல் வெளிவரும் ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) என்ற தீர்ப்புத் தொகுப்பின் மெட்ராஸ் வரிசை, 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் இரண்டிலும் அந்தந்த ஆண்டுத் தொகுதியின் முன்பக்கத்தில் கட்சிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். பழைய வழக்கறிஞர் சங்க நூலகங்களில் இவை கிடைக்கும். அச்சில் வராத தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றப் பதிவறைதான் வழி. சான்றிட்ட நகல் கேட்டு மனு போடுங்கள். வழக்கு எண் இல்லாமல் போனால் தேடுவது மிகக் கடினம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் கையில் இருந்தால் அதையும் மனுவோடு இணையுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருந்தார்கள் என்பது அதில் தெரியும்.