கர்னல் துறைக்குப் போக விரும்பும் மாணவிக்கு: எதைத் தடம் பிடிப்பது என்று முடிவெடுக்கப் பழகுங்கள்

அன்புள்ள மாணவிக்கு,

லினக்ஸ் இயக்க முறைமையின் மையப் பகுதியான கர்னல் துறையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று உறுதியாக இருப்பதாகவும், ஆனால் டிவைஸ் டிரைவர், நினைவக மேலாண்மை, ஈபிபிஎஃப் (இயங்கும் கர்னலுக்குள் சிறு நிரல்களைப் பாதுகாப்பாக ஓட்டும் வசதி) என்று மூன்றையும் பாதி பாதியாகத் தொட்டுவிட்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் அடியில் உங்கள் அப்பா கேட்டிருக்கும் கேள்வியையும் படித்தேன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வலைத்தள உருவாக்கமும் செயற்கை நுண்ணறிவும் படிக்கும்போது, யாரும் கேள்விப்படாத இந்தத் துறைக்கு வேலை இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஐயா, வேலை இருக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு, கதவுகளும் வேறு. கல்லூரி வளாகத்துக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் மென்பொருள் சேவை நிறுவனங்கள், புதிதாகப் படித்து முடித்தவர்களைக் கர்னல் பணிக்கு அமர்த்துவது அரிது. சில்லுகள் வடிவமைப்பவை, கைப்பேசி, வாகன மின்னணுவியல், வலையமைப்புக் கருவிகள் ஆகியவற்றைச் செய்பவை, லினக்ஸ் வெளியீட்டையே தொழிலாகக் கொண்டவை ஆகிய நிறுவனங்களுக்குத்தான் இந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். குவால்காம், இன்டெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ரெட் ஹேட் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இவ்வகை நிறுவனங்களின் இந்திய அலுவலகங்கள் பெரும்பாலும் பெங்களூரு, ஐதராபாத், புனே நகரங்களிலும், ஓரளவு சென்னையிலும் இருக்கின்றன. வேலை விளம்பரத்தில் கர்னல் என்ற சொல் இல்லாமலும் போகலாம். எம்பெடட் லினக்ஸ், பிஎஸ்பி (போர்டு சப்போர்ட் பேக்கேஜ்), டிவைஸ் டிரைவர், பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியர் என்ற பெயர்களில் தேட வேண்டும். வளாகத் தேர்வில் வேறு வேலை கிடைத்தால் அதை மறுக்கும்படி உங்கள் மகளிடம் சொல்லமாட்டேன். அரியர் இல்லாமல் படிப்பை முடிப்பதும், சி மொழியிலும் தரவுக் கட்டமைப்புகளிலும் தடுமாறாமல் நிற்பதும் எந்த வழியில் போனாலும் கைகொடுக்கும். இந்த ஆண்டு அதற்கு மேல் அவரை நெருக்க வேண்டாம்.

இனி உங்களுக்கு. மூன்றையும் தற்காலிகமாக ஓரமாக வைத்துவிட்டு, கர்னலின் எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எப்போது ஓடுகிறது என்று தடம் பிடித்துப் பதிவுசெய்யும் எஃப்டிரேஸ் என்ற கருவியை, அதிலும் எவற்றைத் தடம் பிடிப்பது என்று தேர்ந்தெடுக்கும் அதன் வடிகட்டிகளைக் கையாளும் பகுதியை மட்டும், ஒரு பருவம் முழுவதும் படியுங்கள் என்பதே என் ஆலோசனை. கர்னல் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நேர்முகத் தேர்வில் பார்க்க விரும்புவது ஒன்றே: இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட, தாம் எழுதாத ஒரு நிரலுக்குள் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை இந்த மாணவி எப்படிக் குறுக்கிக்கொண்டே வருவார்? வடிகட்டியைக் கையாளப் பழகுவது நேராக அந்தத் திறமையைத்தான் வளர்க்கிறது.

எஃப்டிரேஸ் 2008 அக்டோபரில் வெளிவந்த 2.6.27ஆம் பதிப்பில் கர்னலுக்குள் சேர்ந்தது. ஸ்டீவன் ராஸ்டெட் அதன் முதன்மை ஆசிரியர். கர்னலைத் தொகுக்கும்போதே, தடம் பிடிக்கத்தக்க ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் ஓர் அழைப்பு நுழைக்கப்படுகிறது. எக்ஸ்86 செயலிகளில் அது 5 பைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். இயந்திரம் தொடங்கும்போது அந்த 5 பைட்டுகளும் எதையும் செய்யாத ‘நாப்’ கட்டளையாக மாற்றப்பட்டுவிடுவதால், தடம் பிடிக்காத நேரத்தில் சுமை ஏறக்குறைய இல்லை. நீங்கள் வடிகட்டியில் ஒரு பெயரை எழுதித் தடம் பிடிப்பதை இயக்கியதும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் நிரலிலேயே அந்த ஓர் இடம் மட்டும் மீண்டும் அழைப்பாகத் திருத்தப்படுகிறது. இயந்திரத்தை நிறுத்த வேண்டியதில்லை, மறுபடி தொகுக்க வேண்டியதும் இல்லை.

செலவும் பெரிதாக இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் இதற்குத் தேவையான ரூட் (முழு நிர்வாக) அனுமதி தரமாட்டார்கள். ஆகவே உங்கள் மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து அதில் உபுண்டுவோ டெபியனோ நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டிலும் எஃப்டிரேஸ் ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருக்கிறது. ‘சிஸ்’ அடைவுக்குள் ‘கர்னல்’, அதற்குள் ‘டிரேசிங்’ என்ற அடைவைத் திறந்தால் வேண்டியதெல்லாம் சாதாரண உரைக் கோப்புகளாகவே கிடைக்கும். ‘அவெய்லபிள்_ஃபில்டர்_ஃபங்ஷன்ஸ்’ என்ற கோப்பில் தடம் பிடிக்கக்கூடிய செயற்கூறுகளின் பட்டியல் இருக்கிறது. வரிகளை எண்ணிப் பாருங்கள், பல்லாயிரம் வரும். ‘செட்_எஃப்டிரேஸ்_ஃபில்டர்’ கோப்பில் எழுதும் பெயர்கள் மட்டும் தடம் பிடிக்கப்படும். ‘செட்_எஃப்டிரேஸ்_நோடிரேஸ்’ கோப்பில் எழுதுபவை விலக்கப்படும். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் விலக்கே வெல்லும்.

முதல் பயிற்சியாக, வடிகட்டியில் ‘விஎஃப்எஸ்_ரீட்’ என்ற ஒரே பெயரை எழுதுங்கள். பிறகு ‘கரன்ட்_டிரேசர்’ கோப்பில் ‘ஃபங்ஷன்’ என்று எழுதி, இன்னொரு முனையத்தில் ‘கேட்’ கட்டளையால் ஏதாவது ஒரு கோப்பைப் படியுங்கள். ‘டிரேஸ்’ கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் நிரலின் பெயரும் அதன் செயல்முறை எண்ணும், எந்தச் சிபியுவில் ஓடியது என்பதும், அதையடுத்து குறுக்கீடு (இன்டரப்ட்) போன்ற நிலைகளைக் காட்டும் சிறு குறிகளும், நேரமும், கடைசியில் ‘விஎஃப்எஸ்_ரீட்’ என்ற பெயரோடு அதை அழைத்த செயற்கூற்றின் பெயரும் இருக்கும். அண்மைப் பதிப்புகளில் அங்கே ‘கேசிஸ்_ரீட்’ என்று காண்பீர்கள். இயக்க முறைமைப் பாடத்தில் அமைப்பு அழைப்பு என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியது, உங்கள் இயந்திரத்தில் இந்த நொடியில் நடந்த நிகழ்வாகக் கண்முன் நிற்கும். உங்கள் கட்டளைக்குத் தொடர்பில்லாத வேறு நிரல்களின் வரிகளும் கலந்து வருவதை அப்போது கவனிப்பீர்கள். ‘செட்_எஃப்டிரேஸ்_பிட்’ கோப்பில் உங்கள் நிரலின் செயல்முறை எண்ணை எழுதி மற்றவற்றை ஒதுக்கக் கற்பது இரண்டாம் பயிற்சி.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வடிகட்டிக் கோப்பு காலியாக இருந்தால் எதுவும் தடம் பிடிக்கப்படாது என்று தோன்றும். உண்மையில் காலியான வடிகட்டிக்குப் பொருள், எல்லாச் செயற்கூறுகளும் தடம் பிடிக்கப்படும் என்பது. தடம் பிடிப்பது இயங்கிக்கொண்டிருக்கும்போது வடிகட்டியைத் துடைத்துவிட்டால் இயந்திரம் சட்டென்று மந்தமாகும். பதிவுக் கிடங்கு இயல்பாக ஒவ்வொரு சிபியுவுக்கும் ஏறக்குறைய 1,400 கிலோபைட் அளவுதான் என்பதால், நீங்கள் தேடிய வரி கண்ணிமைக்கும் நேரத்தில் புதிய வரிகளால் அழிக்கப்பட்டிருக்கும். ஆகவே வடிகட்டியை முதலில் எழுதிச் சரிபார்த்த பிறகே தடம் பிடிப்பதை இயக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒற்றை அம்புக்குறியால் எழுதினால் பழைய பட்டியல் போய்விடும். சேர்க்க வேண்டுமானால் இரட்டை அம்புக்குறி தேவை. ஒரு பெயரை மட்டும் நீக்க, அதன் முன்னால் ஆச்சரியக்குறி இட்டு இரட்டை அம்புக்குறியால் எழுத வேண்டும். நட்சத்திரக்குறி கொண்ட பெயர்களை மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால், அடைவில் உள்ள கோப்புப் பெயர்களாக ஷெல் அவற்றை விரித்துவிடும்.

சில நேரம் நிரலில் கண்ணெதிரே இருக்கும் ஒரு செயற்கூற்றின் பெயரை எழுதினால் கர்னல் ஏற்க மறுக்கும். தொகுப்பி அதை இன்லைனாக அழைத்த இடத்திலேயே கரைத்திருக்கலாம். கர்னல் ஆசிரியர்களே அதை ‘நோடிரேஸ்’ என்று குறித்திருக்கலாம். பெயருக்குப் பின்னால் தொகுப்பி ஒரு பின்னொட்டைச் சேர்த்திருக்கலாம். ஒவ்வொரு மறுப்புக்கும் காரணத்தைத் தேடிக் குறித்து வையுங்கள். ஒரு பாடநூலை முழுதாகப் படிப்பதைவிட, தொகுப்பிக்கும் கர்னலுக்கும் உள்ள உறவை இந்தத் தேடல் நன்றாகக் கற்பிக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து ‘ஃபங்ஷன்_கிராஃப்’ டிரேசருக்குப் போங்கள். இங்கே ‘செட்_கிராஃப்_ஃபங்ஷன்’ என்ற இன்னொரு வடிகட்டி வருகிறது. ‘செட்_எஃப்டிரேஸ்_ஃபில்டர்’ கோப்பில் ஒரு பெயரை எழுதினால் அந்தச் செயற்கூறு மட்டுமே பதிவாகும். இதில் எழுதினால் அதுவும், அது நேரடியாகவும் மறைமுகமாகவும் அழைக்கும் அனைத்தும், எடுத்துக்கொண்ட நேரத்தோடு பதிவாகும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது விளைவு என்ன என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். கருவியின் பெயரை மட்டும் அறிந்தவரையும் அதைக் கையாண்டவரையும் பிரித்துக் காட்டுவதற்கு இதைவிட எளிய கேள்வி கிடையாது.

வெளிப்புறம் பழகிய பிறகு உட்புறத்துக்கு வாருங்கள். கர்னல் மூலநிரலில் ‘கர்னல்’ அடைவின் ‘டிரேஸ்’ உட்பிரிவில் உள்ள ‘எஃப்டிரேஸ்.சி’ கோப்பு பல ஆயிரம் வரிகள் கொண்டது. முழுவதையும் படிக்க முயல வேண்டாம். தடம் பிடிக்கும் ஒவ்வொரு பயனருக்கும் (இங்கே பயனர் என்பது ஆள் அல்ல, எஃப்டிரேஸைப் பயன்படுத்தும் நிரல்பகுதி) ‘எஃப்டிரேஸ்_ஆப்ஸ்’ என்ற கட்டமைப்பு ஒன்று உண்டு. சேர்ப்பதற்கு ஒரு ஹேஷ் அட்டவணை, விலக்குவதற்கு ஒன்று என இரண்டு அதனுடன் இணைந்திருக்கும். ஒவ்வொரு செயற்கூற்றின் பதிவிலும், அதை எத்தனை பயனர்கள் கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும்; அது பூச்சியமானால்தான் அந்த 5 பைட்டுகள் மீண்டும் நாப் ஆகும். நீங்கள் வடிகட்டியில் எழுதும்போது மாற்றம் நேரடியாக நடப்பிலுள்ள அட்டவணையில் செய்யப்படுவதில்லை; ஒரு நகலில் செய்யப்பட்டு, கோப்பு மூடப்படும் தருணத்தில் பூட்டின் பாதுகாப்பில் பழையதற்குப் பதிலாக வைக்கப்படுகிறது. ஷெல்லில் ‘எக்கோ’ கட்டளை ஒவ்வொரு முறையும் கோப்பை மூடிவிடுவதால் இது நம் கண்ணில் படாது. சி நிரல் ஒன்று எழுதி, அந்தக் கோப்பைத் திறந்து, பெயரை எழுதி, மூடாமல் காத்திருக்கச் செய்து பாருங்கள்: வடிகட்டி மாறியிருக்காது. இந்த ஒரு சோதனையைச் செய்து, அதற்குக் காரணமான வரிகளை மூலநிரலில் கண்டுபிடித்தால், ஆர்சியு (படிப்பவர்களைத் தடுக்காமல் தரவை மாற்றும் முறை) என்ற கடினமான பாடத்தின் வாசலுக்கே வந்துவிட்டீர்கள். பழைய அட்டவணையைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை அதை ஏன் விடுவிக்கக்கூடாது என்ற கேள்வி தானாகவே எழும்.

இந்த எச்சரிக்கை எல்லாம் ஏன் என்பதற்கு 2008ஆம் ஆண்டின் வரலாறே சான்று. 2.6.27 பதிப்பின் சோதனை வெளியீடுகளில், இன்டெலின் இ1000இ வலையமைப்பு அட்டைகளின் நிலைநினைவகம் சிதைந்து அட்டைகள் செயலிழந்தன. தொடக்கத்தில் மட்டும் தேவைப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்ட நிரலின் முகவரிகளை எஃப்டிரேஸ் இன்னும் தன் பட்டியலில் வைத்திருந்தது; அதே முகவரிகள் பின்னர் அந்த அட்டையின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, நிரலைத் திருத்தப் போன எஃப்டிரேஸ் வன்பொருளில் எழுதிவிட்டது. எங்கே எழுதுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டிய துறை இது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பயப்பட வேண்டியதில்லை, மெய்நிகர் இயந்திரம் உங்களைக் காப்பாற்றும்.

ஈபிபிஎஃப் வந்த பிறகு இது பழைய சரக்கு என்று உங்கள் சீனியர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஈபிபிஎஃப் அவசியம் கற்க வேண்டியதுதான். ஆனால் அதன் ‘எஃப்என்ட்ரி’ நிரல்கள் போய் ஒட்டிக்கொள்வதும், இயங்கும் கர்னலுக்கு ஒட்டுப் போடும் லைவ்பேட்ச் முறை பயன்படுத்துவதும், செயற்கூற்றின் தலைவாசலில் உள்ள இதே இடத்தைத்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வேகத்தை ஆராயும் பெர்ஃபெட்டோவும் எஃப்டிரேஸ் தரும் தரவைப் பயன்படுத்துகிறது. ஆகவே இங்கே செலவிட்ட நேரம் அங்கே அப்படியே பயன்படும்.

பருவத் தேர்வுக்குப் பின் வரும் விடுமுறையில் பங்களிப்பைத் தொடங்கலாம். கர்னல் மூலநிரலோடு வரும் எஃப்டிரேஸ் தற்சோதனைகள் ஷெல் மொழியில் எழுதப்பட்டவை, படிக்க எளியவை. அவற்றை உங்கள் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, தோல்வியடைந்தால் காரணத்தைத் தேடுங்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் கர்னல் உருவாக்கத்துக்கு இலவச அறிமுகப் பாடம் ஒன்றை நடத்துகிறது. வழிகாட்டிகளோடு இணைந்து பணியாற்றும் திட்டமும் அங்கே இருக்கிறது. திறந்த மூல மென்பொருளில் ஊதியத்தோடு பயிற்சி தரும் அவுட்ரீச்சி திட்டத்திலும் கர்னல் பணிகள் இடம்பெற்றிருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றீர்கள். திருத்தத்தை அனுப்பும்போது என்ன பிரச்சினை, எப்படிச் சோதித்தேன், ஏன் இந்தத் திருத்தம் என்ற மூன்றையும் குறுகிய வாக்கியங்களில் தெளிவாக எழுதினால் போதும். அலங்கார ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் திருத்தத்துக்குக் கடுமையான மறுமொழி வந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித் திருத்தி மறுபடி அனுப்புங்கள். மறுமொழி வருவதே உங்கள் திருத்தத்தை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

வளாகத் தேர்வு தொடங்குவதற்குள் சுயவிவரத்தைத் திருத்திவிடுங்கள். ‘எஃப்டிரேஸ் தெரியும்’ என்ற ஒற்றை வரியால் பயனில்லை. நீங்கள் ஆராய்ந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, முதலில் எந்தச் செயற்கூறுகளை வடிகட்டியில் வைத்தீர்கள், பதிவில் எதைக் கண்ட பிறகு எவற்றை விலக்கினீர்கள், முடிவில் காரணம் எந்தச் செயற்கூற்றில் இருந்தது என்று நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். அதோடு சோதனைகளின் கட்டளைகளையும் வெளியீட்டையும் ஒரு கிட் களஞ்சியத்தில் ஏற்றி அதன் முகவரியையும் சேருங்கள். அந்த வரிகளை அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால், எந்த இடத்தில் தேர்வாளர் இடைமறித்துக் கேள்வி கேட்பார் என்பதைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.