பழைய மோட்டார்ஹோம்ல சோபா துணி, கர்ட்டன் மாத்த எந்தத் துணி எடுக்கலாம்?

அமெரிக்கால செகண்ட்ஹேண்ட் மோட்டார்ஹோம், அதாவது உள்ளயே வீடு மாதிரி தங்குற வண்டி, வாங்கிருக்கீங்க, சோபா ரெக்சின் செதில் செதிலா உரியுது, திரும்பவும் ரெக்சினே போடலாமான்னு கேக்குறீங்க. வேணாங்க. விலை கம்மியான பாலியூரித்தேன் ரெக்சின் சூட்டுலயும் ஈரத்துலயும் மேல்பூச்சு விட்டுடும், பூட்டிப் போட்ட வண்டிக்குள்ள ரெண்டுமே ஜாஸ்தி. சன்பிரெல்லாங்கிற பிராண்டு மாதிரி, நூலாக்குறதுக்கு முன்னாடியே சாயம் ஏத்துன அக்ரிலிக் துணி பாருங்க, சீக்கிரம் வெளுக்காது, விலை கூடத்தான் ஆனா சோபாவே சின்னதுங்கிறதால கையை ரொம்பக் கடிக்காது.

தையல் மெஷின் இல்லேன்னாலும் பரவால்ல, குஷன் அடியில பலகை இருந்தா பழைய ஸ்டேப்பிள தட்டை ஸ்க்ரூட்ரைவரால நெம்பி எடுத்துட்டு புதுத் துணிய இறுக்கமா இழுத்து ஸ்டேப்பிள் அடிச்சிடலாம், மூலைய மட்டும் கடைசியா மடிங்க, கழட்டுன பழைய துணிய தூக்கிப் போட்டுடாதீங்க அதான் உங்களுக்கு அளவு.

அப்புறம், அமெரிக்கால வண்டி உள்துணிக்கு எஃப்எம்விஎஸ்எஸ் 302னு ஒரு தீ விதி இருக்கு, அது அந்த நாட்டு அரசோட வாகனப் பாதுகாப்பு விதி, நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல தீ பரவக்கூடாது, வாங்குறப்ப கடைல இத கேட்டே வாங்குங்க. கர்ட்டனா, ஜன்னலுக்கு எது வேணா போடுங்க இந்த விதிக்குள்ள, ஆனா அடுப்பு பக்கத்துல மட்டும் துணியே வேணாம். சீட் பெல்ட் வர்ற இடத்தையும் மூடித் தைச்சிடாதீங்க.