இடது பக்கம் நடந்தவருக்கு நட்டஈடு கிடைக்காதா?

கேள்வி இதுதான்: இலங்கையின் தலவாக்கலைப் பக்கம் மூடுபனியில் வீதியோரம் நடந்துபோன அம்மாவை வேன் இடித்துவிட்டது. "இடது பக்கம் நடந்தது அவங்க பிழை" என்கிறார் சாரதி. அப்போ ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும். எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலது பக்கம் நடப்பதுதான் முறை, சரி. ஆனால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, காயப்பட்டவரிடமும் பிழை இருந்தால் அந்தப் பங்குக்கு நட்டஈடு குறையும், அவ்வளவுதான். இழப்பு பத்து லட்சம், அம்மா மீது கால் பங்கு பிழை என்றால் ஏழரை லட்சம் வரும். அதோடு, ஹட்டன் - நுவரெலியா வீதியில் நடைபாதையே இல்லாத வளைவுகள் எத்தனை! பனி இறங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டியவர் சாரதி. இதை உங்கள் சட்டத்தரணி அழுத்திச் சொல்ல வேண்டும்.

நீதவான் நீதிமன்ற வழக்கு சாரதியைத் தண்டிக்கத்தான். நட்டஈட்டுக்கு, விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனம் இடித்துக் காயப்பட்ட மற்றவருக்கான காப்புறுதி, கட்டாயம் என்பதால் வேனுக்கும் அது இருக்க வேண்டும். வழக்குக்கு முன்போ, தொடங்கி ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் தீர்ப்புப் பணத்தை நிறுவனத்திடம் வாங்குவது கஷ்டம்.

பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்திய அறிக்கை, தோட்டச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கொழுந்து பறிக்கப் போக முடியாத ஒவ்வொரு நாளும் இழப்புதான். சாரதி தரப்பில் யாராவது கொஞ்சம் காசைக் கையில் வைத்துச் சமாதானக் கடிதம் நீட்டினால், சட்டத்தரணியிடம் காட்டாமல் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.